கதவோரத்து எருதுமனிதன்

இந்த வருஷம் பேரீச்சை நல்ல விளைச்சல், ஐயா. நீங்கள் தந்த பழமும் தேனாக இருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது?

சூசா கோயில் சுவரில் எருதுமனிதன் நிற்கிறானே, குளம்பிலிருந்து கொம்பு வரை அடுக்கடுக்காகச் செங்கல். ஒவ்வோர் அடுக்குக்கும் தனி அச்சு. அச்சு வெட்டுவதுதான் என் வேலை. என் தங்கை நருந்தேயைக் கட்டிய தெம்திக்கும் அதே வேலை. கலகலப்பானவன். பட்டறையில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும்தான்.

கோயில் அதிகாரி இருவர் வேலையையும் பார்த்துவிட்டு, வாசலுக்கு அவனுடையதை எடுத்துக்கொண்டார். என்னுடையது பின்சுவருக்கு, கழுதை கட்டும் பக்கம்.

"மச்சான், உன் எருது ஏன் வயித்துவலி வந்த மாதிரி முழிக்குது?" என்றான் தெம்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னது சரிதான்.

அவனுடைய கற்களை அவனே சூளையில் அடுக்கினான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் வெளியே வந்ததும், "கொம்பு வரிசையில ஒண்ணு சாஞ்சு நிக்குது, மாப்ளே" என்றேன்.

"உனக்குத்தான் கண்ணு இருக்கு" என்று மறுபடி உள்ளே தவழ்ந்து போனான். எதுவும் சாயவில்லை, ஐயா. கல்பலகையைத் தள்ளிச் சூளை வாயை அடைத்தேன். சுற்றிலும் மண் பூசினேன். கீழே தீ மூட்டினேன்.

"விளையாடாத மச்சான், வேர்க்குது" என்றான். பிறகு நருந்தேயின் பேரைச் சொன்னான். தீ பிடித்த சூளையைப் பாதியில் திறந்தால் கல்லெல்லாம் வெடித்துவிடும். அது அவனுக்கே தெரியும்.

ஆறியதும் நானே பிரித்தேன். ஒரு கல்கூட விரிசல் விடவில்லை. அவன் அன்ஷானுக்கு வேலை தேடிப் போயிருப்பான் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் நம்பினாள். ஆனால் சாம்பல் மேட்டில் அவனுடைய செம்புக் காப்பு கறுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். அதனால்தான் நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருக்கிறோம்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொறாமையில் செய்தேன் என்று ஊரில் பேசுகிறார்களாமே, அது மட்டும் அபாண்டம். வாசலில் போய்ப் பாருங்கள். அவனுடைய எருதுமனிதனை என் கையாலேயே, ஒரு கீறல் விழாமல் நிறுத்தியிருக்கிறேன். பொறாமைக்காரன் என்றால் அந்தக் கல்லையல்லவா உடைத்திருப்பான்?