நேர் கீழே மட்டும்

ஒற்றையாள் கயாக்கில் துடுப்புப் போட்டுப் போய்க் கடல் மீன் பிடிக்கிறவனுக்கு, தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்ட எந்த சோனார் நல்லது என்று கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் போகிறாய், எவ்வளவு ஆழம், ஆடுகிற படகில் திரையைப் பார்த்தால் வயிறு குமட்டுமா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். இந்தக் கரையில் பாதிப் பேர் என்னைக் கேட்டு வாங்கியவர்கள்தான். உங்கள் ஸ்டேஷனிலேயே அப்படிச் சிலர் இருக்கிறார்கள், சார்ஜென்ட்.

கடலடியைப் படமாகக் காட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று படகுக்கு நேர் கீழே இருப்பதை மட்டும் காட்டும். ஒற்றையடிப் பாதை அகலம்தான் தெரியும். இன்னொன்று இரண்டு பக்கமும் வெகுதூரம் பார்க்கும். அடியில் ஏதாவது கிடந்தால் அதன் நிழல் திரையில் விழும்; நிழலைப் பார்த்தே அது என்ன என்று சொல்லிவிடலாம். என்னிடம் இருப்பது இந்த இரண்டாவது வகை. ரெவி காணாமல் போனபோது என்னையும் தேடக் கூப்பிட்டது அதனால்தான்.

ரெவி என்னோடு மீன் பிடிக்கிறவன். அவனுடைய கயாக் மட்டும் வடக்கு முனைக்கு அப்பால் மிதந்து கிடைத்தது. நங்கூரக் கயிறு அறுந்திருந்தது. லைஃப் ஜாக்கெட் இருக்கைக்குப் பின்னால் செருகியபடியே இருந்தது. வெயில் நாளில் அவன் அதைப் போட மாட்டான். "சட்டைக்கு மேல எதுக்குடா இன்னொரு சட்டை" என்பான்.

அவன் உறவுக்காரர்கள் அன்றைக்கே கடலுக்கு ராஹூயி போட்டார்கள். ஆள் மூழ்கிய நீரில், பெரியவர்கள் தடையை எடுக்கும்வரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது, அங்கிருந்து எதையும் தின்னக் கூடாது. நான் அவர்களைப் போல இந்த மண்ணின் மாவோரி இல்லை. ஆனாலும் தூண்டிலைத் தொடவில்லை. தொட்டவர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

எல்லோரும் வடக்கே தேடினார்கள். தெற்கை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே கடலடியில் மீன் மொய்க்கிற ஒரு பாறை இருக்கிறது. வரைபடத்தில் கிடையாது. நான் தேடிக் கண்டுபிடித்தது, என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அதன் ஓரமாகப் போனபோது திரையில் ஒரு நிழல் விழுந்தது. இரண்டு கால்கள். ஒரு காலிலிருந்து கயிறு பாறை இடுக்குக்குள் போயிருந்தது.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. கோபம். இவன் எப்படி என் பாறையைக் கண்டுபிடித்தான் என்றுதான் தோன்றியது. சொல்லவே கூசுகிறது.

கரைக்கு வந்து, தெற்கே வெறும் மணல் என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் படகுகள் வந்து நிற்கும், மிதவை போடுவார்கள், ஊரே பார்க்கும். தடையை எடுத்த பிறகு என் பாறையில் திருவிழாக் கூட்டம்தான். போன உயிர் எப்படியும் திரும்பாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

உங்கள் தேடல் முடிந்தது. தடையையும் எடுத்தார்கள். ரெவியின் தங்கை மெரியானா மட்டும் விடவில்லை. அவர்கள் வழக்கத்தில் உடலைக் கூடத்தில் கிடத்தி, பக்கத்திலேயே படுத்து, அழுது, செத்தவனைக் கேலி பேசிச் சிரித்து, அப்புறம்தான் மண்ணுக்குக் கொடுப்பார்கள். உடல் இல்லாமல் அவளால் சரியாக அழக்கூட முடியவில்லை. என் வீட்டுக்கு வந்தாள்.

"டெஸ் அண்ணே, நானே தேடப் போறேன். எந்த மெஷின் வாங்கட்டும்? கடைக்காரன் ரெண்டு பக்கமும் பாக்குறத வாங்கச் சொல்றான்."

"கயாக்குக்கு அது ஒத்து வராதும்மா. அலையில ஆடுறப்போ படம் கோணிக்கும். உப்புத் தண்ணியில ரொம்ப தூரமும் எடுக்காது. பேட்டரிய வேற தின்னும்."

"அப்போ எது?"

"நேர் கீழ பாக்குறதே போதும். மெதுவாப் போ, தப்பாது."

"நீங்க சொன்னா சரிதான். ரெவி சொல்வான், இங்க மீனெல்லாம் டெஸ்ஸக் கேட்டுட்டுத்தான் கடிக்கும்னு."

நான் சொன்ன ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் இன்னும் கேவலம். கருவியை நானே அவளுடைய கயாக்கில் பொருத்திக் கொடுத்தேன். திருகுகள் துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸ் தடவினேன். வடக்கே வரிவரியாக எப்படிப் போக வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

குளிர்காலம் முழுக்கப் போனாள். உதடு வெடித்து, உள்ளங்கை புண்ணாகித் திரும்புவாள். கவிழ்ந்தும் இருக்கிறாள். நான் தெற்கே போனேன். மீன் எப்போதையும்விட நன்றாகக் கிடைத்தது. ஏன் என்று யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஸ்னாப்பர் மீனின் சதையை நான் வைத்துக்கொண்டு தலைகளை மெரியானா வீட்டில் கொடுத்துவிட்டு வருவேன். அவர்கள் வீட்டில் தலைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். வெறுங்கையோடு திரும்புகிறவளுக்கு அதாவது கிடைக்கட்டுமே என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பையை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"மாமா கடல் மீனையே தொடாம இருந்தாருண்ணே. ரெவி எங்க கெடக்கான்னு தெரியாம எப்படித் திங்கிறதுன்னு கேட்டாரு. நான்தான் சொன்னேன், டெஸ் அண்ணன் கொண்டுவந்தா பயப்படாம சாப்பிடலாம், அவருக்குத் தெரியாத கடலான்னு. இப்ப பாருங்க, அவருக்கே பத்த மாட்டேங்குது."

உள்ளே அந்தக் கிழவர் ஒரு மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எண்ணெய்க் கையைத் தூக்கினார். நானும் கையைத் தூக்கினேன். அன்றிலிருந்து மனைவி எதை வைத்தாலும் இறங்கவில்லை. இப்படி வெட்கப்பட்டு நான் வாழ்ந்ததில்லை, சார்ஜென்ட்.

ரெவியை நான் கொல்லவில்லை. ஆனால் அவன் எங்கே என்று தெரிந்தே அவன் தங்கையைக் கடலில் அலையவிட்டேன். தேடிக் கிடைக்கக் கூடாது என்றே அந்தக் கருவியை அவளுக்குத் தேர்ந்தெடுத்தேன். அவன்மேல் மேய்ந்த மீனை அவன் வீட்டாருக்கே ஊட்டினேன். இதை அப்படியே எழுதுங்கள்.

வரைபடத்தைக் கொடுங்கள், காட்டுகிறேன். இங்கே, இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில். இனி எனக்கு அந்தப் பாறை வேண்டாம், மறைக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் உடலை எடுக்க ஆக்லாந்திலிருந்து ஆட்களைக் கூப்பிடும்போது, இடத்தை மட்டும் ரேடியோவில் சொல்லாதீர்கள். எல்லாப் படகிலும் கேட்கும்.