ரெண்டு டிப்பு

– அப்போ செங்கல்லு வெச்சி அடச்சிருங்கக்கா. வெளிச்சமே வரக்கூடாதுன்னா கண்ணாடி எதுக்கு?

– பகல்ல வேணும் தம்பி. ராவுலதான் வேணாம்.

– சொல்றேன் கேளுங்க. இது கோட்டிங் கண்ணாடி. மேல மெலிசா ஒரு பூச்சு இருக்கும், கையால தடவுனாக் கூடத் தெரியாது. கண்ணக் கூசுற வெளிச்சத்த வந்த வழியே திருப்பி அனுப்பிடும். முழுசாத் தடுக்காது, முக்காவாசி கொறைக்கும். மீதி கால்வாசிக்கு ஒரு தெரச்சீல தொங்க வுட்டீங்கன்னா முடிஞ்சுது.

– தெரச்சீல இருக்குது. அதுக்கு மேல ரெண்டு பொடவைய மடிச்சிக் கட்டிப் பாத்தேன். அதையும் தாண்டிக்கினு வருது.

– பொடவையத் தாண்டிக்கினா? இந்த வடக்குத்து ஊருல இதே தெருவுல மூணு வூட்டுக்கு நான் ஜன்னல் போட்டிருக்கேன். ஒருத்தரும் இப்படிச் சொல்லலியே.

– அவங்களுக்கு வராது. அது கெடக்கு. நீ அளவு எடு.

– நாலடிக்கு மூணே கால். பச்சை, நீலம், காப்பிக் கலரு, மூணும் கடையில இருக்குது. எது போடட்டும்?

– எதுவா இருந்தா என்னா? எது நெறைய மறைக்குதோ அதப் போடு.

– அப்ப காப்பிக் கலரு. பேரு என்னா எழுதிக்கறது? போன்ல இசைப்பிரியான்னு ஒரு பொண்ணுதான் பேசிச்சு.

– அது எம் பொண்ணு. சேலத்துல நர்சுக்குப் படிக்கிது. கடைசி வருசம். எம் பேரு அமிர்தம், அதையே எழுது. 'கண்ணாடி போட்டுகினு தூங்கு, இல்லன்னா பொறப்புட்டு எங்கிட்ட வந்துடு'ன்னு ஒரே புடி. ஆஸ்டல்ல இருக்கற பொண்ணுகிட்ட நான் போயி எங்க படுக்கறது?

– எத்தினி நாளாக்கா தூக்கம் இல்ல?

– ஆறு மாசம்.

– ஆறு மாசமா! கடைசியா எப்பதான் நல்லாத் தூங்குனீங்க?

– எங்க வூட்டுக்காரரு செத்த அன்னைக்கு.

– என்னாக்கா சொல்றீங்க?

– விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்து கதவத் தட்டுனாங்க. அப்பதான் முழிச்சேன். அடிச்சிப் போட்ட மாரி தூக்கம். 'எவ்ளோ நேரமாத் தட்றதும்மா'ன்னு அவரு வேல செஞ்ச எடத்து சூப்பர்வைசரு கோச்சிக்கினாரு. அப்புறந்தான் சேதியச் சொன்னாரு.

– ஐயோ. ரொம்ப அழுதிருப்பீங்க.

– அழல. எல்லாரும் வரும் வரும்னாங்க. பதினாறு முடிஞ்சுது, மூணாம் மாசம் முடிஞ்சுது, வரல. பல்லு புடுங்க ஊசி போட்டா ஒதடு மரத்துப் போவும் பாரு, கடிச்சாலும் தெரியாது. அந்த மாரி கெடக்கு எல்லாம். வெயிலு ஏறுது, எழுதி முடி.

– முடிச்சிடறேன். ஜன்னலத் தொறந்து ஒருவாட்டி பாக்கட்டுமா? நெலக்கரி மைன்ஸ் டவர் லைட்டு எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாத்துகினு கண்ணாடி போட்டாத்தான் சரியா வரும். இன்னாக்கா இது, அந்த டவரு இங்க இல்லவே இல்ல! மைன்ஸ் வெட்டிகினே முன்னாடி போயிட்டாங்க, லைட்டும் கூடவே போயிடுச்சு. இங்க இருந்து பாத்தா மண்ணு மேடு மட்டுந்தான் தெரியுது.

– டவர் லைட்டுன்னு நான் சொன்னனா?

– பொண்ணு சொல்லிச்சு.

– அதுகிட்ட அப்படிச் சொல்லி வெச்சிருக்கேன். அந்த மேட்டு மேல ஒரு வளைவு தெரிதா? டிப்பருங்க மண்ணக் கொட்டப் போவுதே, அந்த எடம். செகண்டு ஷிப்டு முடியற நேரம், ஒம்போதரைக்கு, ஒரு வண்டி அங்க வந்து இந்த வூட்டப் பாத்து லைட்ட அணச்சி அணச்சி ரெண்டு டிப்பு அடிக்கும். லைட்டு நேரா வந்து அந்தச் செவுத்துல வுழும்.

– ரெண்டே ரெண்டு டிப்புக்கா இவ்ளோ பெரிய கண்ணாடி? கண்ண மூடிக்கினா தீந்துச்சு.

– மூடிக்கினாலும் தெரியும் தம்பி. எங்க வூட்டுக்காரரும் டிப்பர்தான் ஓட்டுனாரு. கான்ட்ராக்ட்டு வண்டி, பதினோரு வருசம். ஓட்டறப்ப போனு பேசக் கூடாது, அதனால எனக்கு டிப்புலதான் சொல்வாரு. ரெண்டு அடிச்சா கடைசி டிரிப்பு, வந்துகினே இருக்கேன், ஒல வெச்சிடுன்னு அர்த்தம். ஒண்ணு அடிச்சா டபுள் டூட்டி, ராவுக்கு வர மாட்டேன், வெளக்க அணச்சிட்டுப் படுத்துக்கன்னு அர்த்தம். வடிச்ச சூட்டோட சோறு இருந்தாத்தான் அவருக்கு எறங்கும்.

– நல்ல ஏற்பாடாத்தான் இருக்குது.

– அவரு போயும் டிப்பு நிக்கல. தெனமும் அடிக்குது. அடிச்சதும் எழுந்துருச்சிப் போயி அடுப்பப் பத்த வெச்சிடறேன். கை தானாப் போவுது. ஒல கொதிச்சப்புறந்தான் யாருக்குன்னு தோணுது.

– தோணுனதும் அடுப்ப நிறுத்திடுவீங்களா?

– அரிசியப் போட்டுடுவேன். கொதிக்கிற தண்ணிய வெச்சிகினு என்னா பண்றது? வடிச்சி மூடி வெச்சிட்டு ஒக்காந்திருப்பேன். விடிஞ்சா பக்கத்து வூட்டு சந்திரகலா வந்து ஆட்டுக்கு வாங்கிக்கினு போவும். ஆறு மாசத்துல அந்த ஆடு நல்லா கொழுத்துடுச்சு. எம் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சா படிப்ப வுட்டுட்டு வந்து ஒக்காந்துகினாலும் ஒக்காந்துக்கும். அதுக்குத்தான் இந்தக் கண்ணாடி. அந்த லைட்டு உள்ள வரலன்னா நான் அடுப்புகிட்ட போவ மாட்டேன். போவாம இருந்தா தூங்கிடுவேன்.

– அக்கா, ஒங்க வூட்டுக்காரரு பேரு என்னா?

– அய்யனாரு. ஏன் தம்பி, டேப்பக் கீழ வுட்டுட்ட?

– கை வழுக்கிடுச்சு. அக்கா, இந்தக் கண்ணாடி ஒங்களுக்கு வேணாம்.

– இப்பதான நெறைய மறைக்கும்ன?

– வேணாங்க்கா. நானே சொல்லி டிப்ப நிறுத்திடறேன். இன்னைக்கே.

– யாருகிட்ட சொல்லுவ? அத அடிக்கிறது யாருன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?

– என் தம்பிதான். கார்முகிலு.

– கார்முகிலா? அவரு வண்டியில கிளீனரா இருந்தானே, அவனா? நீ அவன் அண்ணனா?

– ஆமாக்கா. குமரவேலு.

– சாவுக்கு வந்தவன் வேலியோரமே நின்னுகினு இருந்தான். உள்ள வரல. ஒரு வா காப்பித்தண்ணி குடுத்தனுப்புனேன், அதையும் வாங்கல. அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. அவன் எதுக்கு எனக்கு டிப்பு அடிக்கிறான்?

– இப்ப அவனே டிரைவரு. வேற வண்டி, அதே ரூட்டு. வேணும்னு அடிக்கலக்கா. அந்த வளைவு வந்தா கை தானாப் போவுதாம்.

– டிரைவரு கைன்னா சரி. கிளீனரா இருந்தவன் கைக்கு அது எப்படிப் பழக்கமாச்சு?

– சொல்றேன் கேளுங்க. இல்லக்கா, வேணாம். நான் இன்னொரு நாளு வரேன்.

– ஒக்காரு. சொல்லு.

– ஒண்ணர வருசமா அந்த டிப்ப அடிச்சதே அவன்தான். இருட்டிட்டா அவன்தான் வண்டிய ஓட்டுவான். அய்யனார் அண்ணன் பக்கத்து சீட்டுல ஒக்காந்துகினு வருவாரு.

– அவரு ஏன் பக்கத்துல ஒக்காரணும்?

– கண்ணுக்கா. இப்ப எதுக்க வர்ற வண்டி எல்லாத்துலயும் வெள்ள லைட்டு. அது பட்டா அவருக்கு ஒண்ணுமே தெரியாது. கண்ணுல பாலு ஊத்துன மாரி ஆயிடுதும்பாரு. மொதல்ல எங்கிட்டதான் கடைக்கு வந்தாரு. 'வெளிச்சம் கூசாத பூச்சு ஒண்ணு இருக்காமே, அத டிப்பர் முன்கண்ணாடிக்கு அடிச்சிக் குடு'ன்னாரு. நான் சிரிச்சிட்டேன். 'வண்டிக்கு இல்லண்ண, ஒங்களுக்குத்தான் கண்ணாடி போடணும்'னு சொல்லி பண்ருட்டிக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிகினு போனேன்.

– மூக்குக்கண்ணாடியா? இரு, பொட்டியில ஒண்ணு கெடக்கு. இதுவா பாரு.

– இதேதான். இப்படிச் சாய்ச்சிப் புடிச்சா பச்சையா மினுக்குது பாருங்க. அதான் பூச்சு.

– அவரு வாச்சி, செருப்போட இதையும் சேத்துக் குடுத்தாங்க. 'இது அவருது இல்ல, மாத்திக் குடுத்துட்டீங்க'ன்னேன். இருவத்திரெண்டு வருசம் எங்கூட இருந்த ஆளு, ஒரு நாளு கண்ணாடி போட்டு நான் பாத்ததில்ல. பாவம், யாரோ தேடிகினு இருப்பாங்கன்னு பத்திரமா எடுத்து வெச்சேன். கீறலு கூட இல்ல பாரு.

– வூட்ல போட மாட்டாருக்கா. ஒங்களுக்குத் தெரிஞ்சா வண்டிக்குப் போவ வுட மாட்டீங்கன்னு.

– வுட்டிருக்க மாட்டேன்.

– கொஞ்ச நாளு இது நல்லாத்தான் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. 'உள்ள பொர வளந்துகினு இருக்குது, வெளிய பூச்சு போட்டு என்னா ஆவப் போவுது, ஆப்பரேசன் பண்ணணும்'னு டாக்டரு சொல்லிட்டாரு. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா வண்டிய வாங்கிக்குவாங்க, பொண்ணு படிப்பு முடியட்டும்னு தள்ளிகினே வந்தாரு. ராவுல அந்த வளைவு கிட்ட வந்தா 'வூடு வந்துச்சாடா, வூடு வந்துச்சாடா'ன்னு கேட்டுகினே இருப்பாராம். 'வந்துச்சுண்ண'ன்னு இவன் சொன்னா, 'ரெண்டு அடி'ம்பாராம்.

– அவருக்கு வூடு தெரியல.

– தெரியாதுக்கா. ஒங்க வெளக்கு எரியுதான்னு கூட இவனத்தான் கேப்பாராம்.

– இவன் என்னா சொல்வான்?

– எரியுதுண்ணன்னு சொல்வானாம்.

– ம்.

– திட்டுங்கக்கா. ரெண்டு வார்த்த திட்டிடுங்க.

– திட்டி என்னா. எரிஞ்சிகினுதான் இருந்துச்சு, அவன் பொய் சொல்லல. அப்ப அன்னைக்கு ஏன் அவரு ஓட்டுனாரு? கிளீனரு லீவுன்னாங்க. ஒம்போதரைக்கு அந்த வளைவுலயே, எதுக்க ஒரு வண்டி வந்துச்சு, சக்கரம் ஓரத்துல எறங்கி வண்டி பொரண்டுடுச்சின்னாங்க. அவன் எங்க போனான் அன்னைக்கு?

– என் கல்யாணத்துக்கா.

– ஒங் கல்யாணமா?

– காலையில திருவதிகை கோயில்ல தாலி. ராவுக்கு வூட்ல விருந்து. கார்முகிலு வரலன்னுதான் சொன்னான். அய்யனார் அண்ணன்தான் தொரத்தி வுட்டாரு. 'கூடப் பொறந்தவன் கல்யாணம்டா, போ. ஒரு நாளு நான் சமாளிச்சிக்கறேன்'னாரு. போனு வந்தப்ப அவன் எலயில பாயசம் ஊத்திகினு இருந்தாங்க. அப்படியே எழுந்துரிச்சி ஓடுனான். அன்னையில இருந்து எங்கிட்ட அவன் சரியாப் பேசறதில்லக்கா. நானும் பேசறதில்ல.

– அவருகிட்ட பத்திரிக குடுத்தனுப்புனியே. மஞ்சக் கலரு. அந்த ஆணியிலதான் இன்னும் மாட்டிகினு இருக்குது பாரு. போவணும்னு சொல்லிகினு இருந்தாரு. ஒம் பொண்டாட்டி பேரு என்னா?

– தமிழ்நிலா.

– நல்லாருக்குதா?

– இருக்குதுக்கா. அஞ்சாவது மாசம்.

– வெயில்ல அலைய வுடாத. எழுந்துரு, எதுக்கு எங் காலண்ட ஒக்காந்துகினு. எழுந்துரு தம்பி.

– இன்னைக்கே கார்முகில நிறுத்தச் சொல்லிடறேன். இனிமே ஒரு டிப்பும் வராது.

– நிறுத்தச் சொல்லாத. அளவு எழுதுன தாளக் கிழிச்சிப் போடு.

– இசைப்பிரியா கேட்டா நான் என்னா சொல்றது?

– அந்தக் கலரு தீந்துபோச்சுன்னு சொல்லு. ஒந் தம்பிகிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிடு. அடிச்சா ரெண்டா அடிக்கட்டும். எந்நாளும் ஒண்ணோட நிறுத்திடக் கூடாது.

– ஏங்க்கா?

– அன்னைக்கு ஒம்போதரைக்கு ஒண்ணுதான் அடிச்சுது. டபுள் டூட்டின்னு நெனச்சிகினு, வெளக்க அணச்சிட்டுப் படுத்துத் தூங்கிட்டேன்.