விரல் விடாத பந்து

— ஒரு ஓவர் முடிக்க பதினொரு பந்துப்பா. பதினொண்ணு!

— நான் எண்ணல.

— எண்ணினே. வேலியோரம் நின்னு விரல் மடக்கினதைப் பார்த்தேன்.

— சரி, கதவை இழுத்துச் சாத்து டெர்வ்லா, சாரல் அடிக்குது. பையைப் பின்னாடி தக்காளிப் பெட்டி மேல போடு. சிப்ஸ் இருக்கு, வினிகர் தூக்கலா விடச் சொன்னேன்.

— பசிக்கல. வண்டியை எடு. யாராவது ஆறுதல் சொல்ல வந்துடப் போறாங்க.

— சொல்றேன் கேளு. இந்த மாலஹைட் கிரவுண்டு காத்துல யார் போட்டாலும்...

— காத்தா? ஒரு பந்து கீப்பர் தலைக்கு மேல போச்சு. இன்னொண்ணு ரெண்டு குத்து குத்தி உருண்டுச்சு. ஜிம்பாப்வேக்காரி மட்டையைத் தூக்கவே இல்லப்பா. பாவம்னு விட்டுட்டா. அதுக்கு அவ ஒரு சிக்ஸ் அடிச்சிருக்கலாம்.

— கை வலிக்குதா கண்ணு?

— வலிச்சா தேவலையே. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. ஓடி வரேன், கையைத் தூக்கறேன், விடுன்னு சொல்றேன். விரல் விடமாட்டேங்குது. வேற யாரோட விரலோ மாதிரி இருக்கு.

— இதே விரல்தானே பதினஞ்சு வயசுல நாலு விக்கெட் எடுத்துச்சு? அயர்லாந்து சட்டை உனக்கு முட்டி வரைக்கும் தொங்கிச்சு.

— அப்ப எனக்கு விரல் இருக்கறதே தெரியாது.

— நாளைக்கு நம்ம தக்காளிக் கண்ணாடிக் கொட்டகையில போட்டுப் பார்ப்போம். செடிக்கு நடுவுல, முன்ன மாதிரி. நான் கீப்பர்.

— போட்டேன். நேத்து நீ மார்க்கெட் போயிருந்தப்ப. மூணு கண்ணாடி போச்சு.

— ஆலங்கட்டி மழைன்னாளே உங்கம்மா!

— நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். என்னைத் திட்டேன்பா.

— எதுக்குத் திட்ட? டிராக்டர் நின்னா பிரிச்சுப் பார்ப்பேன். செடி வாடினா வேரைத் தோண்டிப் பார்ப்பேன். உன் கையை நான் என்னன்னு பார்ப்பேன், சொல்லு.

— ஒண்ணும் பார்க்க வேணாம். ரோட்டைப் பாரு.

— ஆட்டம் முடிஞ்சதும் கோச்சம்மா உன்னைத் தனியா கூட்டிட்டுப் போனாங்களே, பார்த்தேன். டீம்லேர்ந்து எடுத்துட்டாங்களா? மறைக்காதே. அழணும்னா அழு. எனக்கு அவங்க மேல கோபமே இல்ல. சொல்றேன் கேளு, பத்தொன்பது வயசு. ஒரு மாசம் பந்தைத் தொடாதே. தூங்கு. காலேஜ் போ. அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன்.

— அப்பா.

— ம்?

— எங்க டீம்ல ஓனாவுக்கு முட்டி போயிடுச்சு. ரெண்டு பேருக்குக் காய்ச்சல். ஈமருக்கு நாளைலேர்ந்து ஸ்கூல் பரீட்சை. நான் இல்லைன்னா பதினொரு பேர் தேறாது.

— அதனால?

— அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன்பா, என்னை டீம்லேர்ந்து எடுத்துடுங்கன்னு. வியாழக்கிழமை ஆட்டத்துல முதல் ஓவரே நான்தான் போடணுமாம்.