வளையில்லாத வீட்டில் விழுந்த எலி

இந்தக் குடிசையில் காற்று நன்றாக வருகிறது, டாக்டர் சார். மூங்கில் தட்டிக் குடிசை என்று ஊரில் மூக்கைச் சுளிக்கிறார்கள். அல்சூரில் என் வீட்டில்கூட இப்படிக் காற்று கிடையாது. இருபத்திரண்டு வருஷம் சானிட்டரி மேஸ்திரியாக இருந்து பாதி பெங்களூரை இந்தப் பிளேக் கேம்புக்குள் கொண்டுவந்து விட்டவன் நான். ரிடையர் ஆன பிறகு நானும் உள்ளே இருந்து பார்க்க நேர்ந்தது உங்கள் தயவு.

மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தீர்கள். உங்கள் கேள்வி ஒன்றுதான். போன வாரம் புதன்கிழமை மர்பி டவுனில் தியோடர் வீட்டில் செத்துக் கிடந்த எலி எங்கேயிருந்து வந்தது. நல்ல கேள்வி. அந்த வீட்டுக்குக் கல் பாவின தரை. ஒரு வளை கிடையாது. தேடிப் பார்த்ததில் வேறு எலியும் இல்லை. பக்கத்து வீட்டு நாணு, மேஸ்திரி ஒரு பிஸ்கட் டின்னோடு வந்துபோனார் என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது சரிதான். நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.

"அது தெரியும் மேஸ்திரி. நீங்க அதை எந்த வீட்லேர்ந்து எடுத்தேள்? அந்த வீட்ல இப்போ மனுஷா இருக்காளா? அதை மட்டும் சொல்லுங்கோ" என்கிறீர்கள். சொல்கிறேன். வாக்குமூலம் என்றால் முதலிலிருந்து எழுதுவதுதான் முறை. பேனாவில் மை இருக்கிறதல்லவா.

பேட்டைக் கோப்பை உங்களுக்குத் தெரியும். ஊரில் எட்டுப் பேட்டைகள் மோதும். ஓட்டம், தாண்டல், சைக்கிள், ஏரியில் நீச்சல், எல்லாம் முடிந்து கடைசியில் கயிறு இழுப்பு. உங்கள் மல்லேஸ்வரத்துப் பையன்கள் ஓட்டத்தில் பரவாயில்லை. கயிற்றைக் கொடுத்தால் பூணூல் மாதிரிப் பிடிப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். கயிற்றுக்குத்தான் மார்க்கு அதிகம். ஆறு வருஷமாகக் கயிறு மர்பி டவுனுக்கு, ஆகவே கோப்பையும் மர்பி டவுனுக்கு. எல்லாம் தியோடர் ஒருத்தனால்.

தியோடர் கடைசி ஆள். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவன். காலையில் நாற்பது இட்லி சாப்பிடுவான், அது பசியில்லாத நாளில். அவன் குதிகாலை ஊன்றினால் அல்சூர் ஏரித் தண்ணீர் அவன் பக்கம் ஒரு சாண் சாயும். மூன்றாம் வருஷம் எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் சேர்ந்து இழுத்தார்கள். மைதானம் நகர்ந்து வந்தது, அவன் வரவில்லை. எங்கள் கடைசி ஆள் டென்சில், என் மாப்பிள்ளை, என் ஒரே பெண் டோரீனின் புருஷன். என் வீட்டிலேயே இருக்கிறான். நல்ல பையன்தான். தியோடருக்கு எதிரே நின்றால் கொடிக்கம்பத்துக்கு எதிரே குடைக்கம்பி நிற்கிற மாதிரி இருக்கும்.

போன வருஷம் தோற்றுப்போய்க் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அல்சூர்க் கமிட்டிக்கு நான்தான் செக்ரட்டரி. தியோடர் வந்து தோளில் கை போட்டான்.

"என்ன மேஸ்திரி மாமா, உங்க பேட்டைல பசங்களுக்குச் சோறே போடறதில்லையா? கயித்தோட முழு டீமும் என் மடியில வந்து உக்காந்துட்டாங்களே. தூக்கிக் கொஞ்சறதா, அனுப்பறதா, ஒண்ணும் புரியல போங்க."

மைதானமே சிரித்தது. வண்டிக் குதிரைகள்கூடச் சிரித்தன, சத்தியமாக. நானும் சிரித்தேன். அவன் கெட்டவன் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் நான் தெருவில் நுழைந்தால் பெரிய மனிதர்களே கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது தோளில் கை போடுகிறார்கள். இதை வருத்தமாகச் சொல்லவில்லை, நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

இந்த வருஷம் பிளேக் திரும்பியது. போட்டியே கிடையாது என்றார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி வந்தது. ஆடுகிறவன் வீட்டில் எலி தானாகச் செத்து விழுந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், பத்து நாள் குடும்பத்தோடு கேம்புக்குப் போய்விட வேண்டும். மறைத்துவிட்டு ஆடி, போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்துக் கோப்பை கைக்கு வருமுன் அது தெரிந்துவிட்டால், ஜெயித்தது செல்லாது. கோப்பை கைமாறிய பிறகு எந்தப் புகாரும் எடுபடாது. அந்த நிபந்தனையை எழுதிக் கொடுத்ததே நான்தான். இந்த விஷயத்தில் ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் யார்?

ஆக, புதன்கிழமை காலை பிஸ்கட் டின்னோடு தியோடர் வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். அவன் பெண்சாதி அல்போன்சா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க மாமா. எதிரிக் கோட்டைக்கே வந்துட்டீங்க? டின்ல என்னா, பிஸ்கட்டா?"

"காலி டின்னும்மா. ஆணி வாங்கப் போறேன்."

"அதானே பார்த்தேன், நீங்களாவது குடுக்கறதாவது. உக்காருங்க, காபி போடறேன். சர்க்கரை தூக்கலா போட்டா சனிக்கிழமை கயித்துல கொஞ்சம் விட்டுக் குடுப்பீங்களா?"

பால் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அரிசி டின்னுக்குப் பின்னால் இடம் இருந்தது. காபி நன்றாகத்தான் போட்டாள். சர்க்கரை தூக்கல்.

மண்ணெண்ணெய் ஊற்றினீர்களா என்று நேற்றுக் கேட்டீர்கள். செத்த எலியைத் தொடாதே, மண்ணெண்ணெய் ஊற்று, தெள்ளுப்பூச்சி சாகட்டும், பிறகு இடுக்கியால் எடு. இருபத்திரண்டு வருஷம் வாசல் வாசலாக நின்று நான் சொன்ன பாடம். ஊற்றியிருந்தால் வாடை அடித்திருக்கும், வெளியிலிருந்து வந்த எலி என்று முதல் ஆளே கண்டுபிடித்திருப்பான். அதனால் ஊற்றவில்லை.

சாயங்காலம் அவர்களே பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். மறைக்கிற புத்தி அவர்களுக்குக் கிடையாது. வியாழக்கிழமை வண்டி வந்தது. நானும் போய் நின்றேன். தியோடர் வண்டியில் ஏறும்போது அது ஒரு பக்கம் சாய்ந்து மாடு அந்தரத்தில் தொங்கியது.

"மாமா, கயித்துக்குக் கடைசில யாரை நிறுத்துவாங்களோ தெரியல."

"பத்து நாள்தாண்டா. சர்க்கார் சோறு, நல்ல காத்து. ரெஸ்ட் எடு" என்றேன். அப்படித்தான் நினைத்தேன். ஒரு வகையில் அவர்களுக்கு அது ஓய்வு.

சனிக்கிழமை நாங்கள் ஜெயித்தோம். டென்சில் இழுத்த இழுப்பில் மர்பி டவுன்காரர்கள் பக்கத்துப் பேட்டையான பிளாக்பள்ளியைத் தாண்டித்தான் எழுந்து உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை அல்போன்சாவுக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை அவள் கண்ணை மூடினபோது நீங்களே பக்கத்தில் இருந்தீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை, அந்த வீட்டில் காபி குடித்தவன் என்று என்னையும் உள்ளே போட்டீர்கள். இந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் தியோடர் படுத்திருக்கிறான். காலையில் "மாமா, தண்ணி வேணுமா?" என்று கேட்டான். வாங்கிக் குடித்தேன்.

நீங்கள் மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். மார்க்கெட் குப்பையிலிருந்து எடுத்தேன் என்றேன், ஆட்களை அனுப்பினீர்கள். பிறகு ஏரிக்கரை என்றேன், அங்கேயும் அனுப்பினீர்கள். பாவம், இந்த வெயிலில் அலைந்திருப்பார்கள். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் இருங்கள்.

பேண்டு வாசிக்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் வீசுவதால் தெளிவாகக் கேட்கிறது. இது கோப்பையைக் கையில் கொடுத்த பிறகு வாசிப்பது. ஆறு வருஷம் மர்பி டவுனுக்காகக் கேட்டிருக்கிறேன், தப்பாக இருக்க முடியாது. அஞ்சு மணி ஆயிற்றா? சரி. இப்போது எழுதிக்கொள்ளுங்கள்.

அது என் வீட்டு எலி. என் வீட்டில் விழுந்த மூன்றாவது. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒன்று உரலடியில், செவ்வாய்க்கிழமை ஒன்று பரணுக்குக் கீழே. இரண்டையும் கிணற்றுக்குப் பின்னால் புதைத்தேன். டோரீனுக்கும் டென்சிலுக்கும் தெரியாது. சொன்னால் டென்சில் கேம்புக்குள், கயிறு போய்விடும். சொல்லாவிட்டால் எலியோடு குடித்தனம். நான் எழுதின நிபந்தனைக்குள் நானே மாட்டிக்கொண்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை, டாக்டர் சார். புதன்கிழமை மூன்றாவது விழுந்ததும்தான் வழி தெரிந்தது. அதற்கு முன் மர்பி டவுன் நினைப்பே எனக்கு இல்லை.

வீட்டில் இப்போது டோரீன் இருக்கிறாள். நேற்றுக் காலையிலிருந்து காய்ச்சல். நேற்றே டென்சில் முள்வேலிக்கு வெளியே நின்று சொன்னான்.

"மாமா, உடம்பு கொதிக்குது. தொடை இடுக்குல கட்டி மாதிரி இருக்குன்னு அழுவறா. டாக்டரைக் கூட்டிட்டு வரட்டா?"

"வேணாம். நாளைக்கு அஞ்சு மணிக்கு மேல பார்த்துக்கலாம்" என்றேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை. வண்டியை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்பக்கச் சந்து வழியாக அனுப்பச் சொல்லுங்கள். முன்வாசலுக்குக் கோப்பையோடு ஊர்வலம் வரும். டோரீன் ஜன்னல் பக்கம் சாய்ந்து அதைப் பார்த்துவிட்டு வரட்டும். தாயில்லாத பெண், நான் இருக்கும்வரை அவளுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன்.