எதிர் நாற்காலி

— மேடம், இந்தப் பையனுக்கு இன்டர்வியூ முடிஞ்சுது. அடுத்த ஆளை உள்ள அனுப்புங்க.

— அடுத்த ஆள் நான்தான். உக்காரலாமா, சார்?

— ஐயோ, உங்ககிட்ட படிச்சவனைப் போய் சார்ங்கறீங்களே! விளையாடாதீங்க மேடம், வெளிய பிள்ளைங்க காத்திருக்காங்க.

— காத்திருக்கட்டும். வருஷா வருஷம் உன் கம்பெனிக்கு நம்ம காலேஜ்ல ஆள் எடுக்க வர்ற. நான் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன். எனக்கு வேலை வேணும். கேள்வியைக் கேளு.

— மேடம், எங்களது பாலம் கட்டற கம்பெனி. வெயில்ல நிக்கணும்.

— தெரியும். பாலம் எப்படி நிக்குதுன்னு உனக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தானே. சரியா, தப்பா?

— சரிதான். ஆனா இப்ப எதுக்கு மேடம் இந்த ஆசை?

— போன வாரம் முன் பெஞ்சுல ஒரு பொண்ணு எந்திரிச்சு, "மேடம், நீங்க கட்டின பாலம் எது?"ன்னா. சாக்பீஸைத் தேடற மாதிரி மேசைக்கு அடியில குனிஞ்சேன். மணி அடிக்கற வரைக்கும் நிமிரல.

— ஒண்ணுகூட இல்லையா மேடம்?

— படம் போட்டிருக்கேன். கணக்குப் போட்டிருக்கேன். செங்கல் மேல செங்கல் வெச்சதில்ல.

— சரி, உக்காருங்க. ஆனா சலுகை கிடையாது. முழங்கால் எப்படி? தூண் மேல ஏறணும்.

— ஒண்ணு மாத்தியாச்சு. இன்னொண்ணு அதைப் பாத்துப் பயந்து ஒழுங்கா வேலை செய்யுது.

— சைட்டுக்குக் கான்கிரீட் லாரி வருது. கலவை ரசம் மாதிரி தண்ணியா இருக்கு. என்ன பண்ணுவீங்க?

— திருப்பி அனுப்புவேன்.

— டிரைவர் முறைக்கறான் மேடம். மழை வேற வர்ற மாதிரி இருக்கு.

— கடைசி பெஞ்சுல உக்காந்து மூணு வருஷம் நீ முறைக்காத முறைப்பா? அதையே தாங்கினேன்.

— அது முறைப்பு இல்ல மேடம், தூக்கத்தை அடக்கினது. உங்க பலவீனம் என்ன?

— தப்பான பதிலைக் கேட்டா காது சூடாயிடும்.

— அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?

— இருந்தா பாலத்து மேல. இல்லேன்னா பாலத்துக்கு என் பேரை வை. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். உன் செட்டுல மத்தவனெல்லாம் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. நீ மட்டும் வருஷம் தவறாம ஓடி வர்றியே, ஏன்?

— சைட்ல யாரும் என்னை "ஏன்?"னு கேக்கறதில்ல மேடம். இங்க பிள்ளைங்க கேக்கறாங்க. போகவே மனசு வரல. சரி, அதை விடுங்க. உங்களை எடுத்தாச்சு. ரிட்டயர் ஆனதும் வர்ற ஒண்ணாந்தேதி ஆத்துப் பாலத்துச் சைட்டுக்கு வந்துடுங்க.

— நிஜமாவா? இரு, கண்ணுல தூசி.

— ஏசி ரூம்லயா மேடம்?

— வாயை மூடுடா. இனிமே உன்னை நிஜமாவே சார்னு கூப்பிட்டுப் பழகணும்.

— தேவைப்படாது மேடம். நீங்க வர்றப்ப நான் அங்க இருக்கமாட்டேன். வேலையை விடறேன்.

— என்னடா சொல்ற! வேற எங்க போற?

— இன்னும் முடிவாகல. நாளைக்குத்தான் இன்டர்வியூ.

— நாளைக்கு எனக்கும் ஒரு தலைவலி. என் இடத்துக்கு ஆள் எடுக்கறாங்க. கேள்வி கேக்கற குழுவுல என்னையும் போட்டுட்டாங்க. வர்றவங்க யாருன்னுகூட முன்னாடி சொல்லமாட்டாங்களாம். சரி, உன் இன்டர்வியூ எத்தனை மணிக்கு?

— பத்து மணிக்கு மேடம். கேள்வி மட்டும் கொஞ்சம் பாத்துக் கேளுங்க.