கண்ணு தெரியுற பாறை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, இந்த மலைக்கு ரோடு ஏறாத காலத்துல, நம்ம கொடுக்கம்பாறையில ஒண்டிவீரன்னு ஒருத்தன் இருந்தானாம். எங்க பூட்டனுக்கும் பூட்டன். துப்பாக்கியத் தூக்குனா குறி தப்பாதாம். ஆனா லேசுல தூக்க மாட்டானாம்!

அவனுக்குக் காமாயி மேல உசுரு. அவ அப்பன் வீரணன் என்ன சொன்னான்? "கல்யாணப் பந்திக்கு மாப்பிள்ளை கடமான் கொண்டாரணும். வெறுங்கையோட வந்தா பொண்ணு கெடையாது." அப்ப அதுதான் ஊரு வழக்கமாம்.

கல்யாணத்தன்னைக்கு விடியவும் கெளம்புனான் ஒண்டிவீரன். தொணைக்குக் காமாயியோட அண்ணன் ஒச்சான். போனாக, போனாக, போயிக்கிட்டே இருந்தாக. ஓடைக்கு அங்கிட்டு நிக்குதாம் கடமான், கொம்பெல்லாம் மரக்கெளை கணக்கா!

"சுடு மாப்ளே!"ங்கறான் ஒச்சான்.

"தூரம் மச்சான். கொம்பு தெரியுது, கண்ணு தெரியல. கண்ணு தெரியாம நான் சுடமாட்டேன்."

"அப்ப குண்ட எடுத்துட்டு, முயலுக்குப் போடுற பொடிக்குண்டு ரவையப் போட்டு அடி. பரவிப் போயி எங்கிட்டாச்சும் படும்ல?"

"எங்கிட்டாச்சும் பட்டா எங்கிட்டாச்சும் போயி நொந்து சாகும். கடமானுக்கு ஒத்தக் குண்டுதான். அதுவும் கிட்டக்கப் போயி."

ஊர்ந்தானாம், ஊர்ந்தானாம், முள்ளுலயே ஊர்ந்தானாம். கண்ணு தெரியப் போற நேரம் பாத்துக் காத்து மாறிப்போச்சு. வாடை புடிச்ச கடமான் ஒரே தாவு! போயே போச்சு. ஒண்டிவீரனுக்கு அழுகையே வந்துருச்சாம்.

வெறுங்கையோட வந்தவன், பந்தலுக்கு வர வெக்கப்பட்டு, ஊரு எல்லைப் பாறையிலயே நின்னுட்டான். முன்னால வந்த ஒச்சான் நடந்ததச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். வீரணன் குதிக்கிறான். "பொண்ணு கெடையாது, போகச் சொல்லுங்கடா அவன!"

மாலையும் கழுத்துமா எந்திரிச்சா காமாயி. "அய்யா, சுட்டா நான் கெடைப்பேன்னு தெரிஞ்சும், ஒரு வாயில்லாச் சீவன் நொந்து சாகக்கூடாதுன்னு சுடாம வந்துருக்காரு. அவரா என்னைய நோகடிப்பாரு? எனக்கு அந்த மச்சான்தான்!"

சொல்லிட்டு, பாறையப் பாத்து ஒரு சத்தம் போட்டாளாம். "என்ன மச்சான் அங்கனயே நிக்கிறீக? எனக்கும் ஒங்க கண்ணு தெரியல, கிட்டக்க வாங்க!"

ஊரே சிரிச்சிருச்சாம். வீரணனும் சிரிச்சுட்டானாம், பாவம், என்ன செய்வான்! கறிக்குப் பதிலா பூசணிக்காயப் போட்டுப் பந்தி வச்சாகளாம்.

அதாம்ப்பா, இன்னைக்கும் நம்ம ஊருக் கல்யாணத்துல மாப்பிள்ளைய அந்தப் பாறையிலதான் நிப்பாட்டுறது. "கண்ணு தெரியுது"ன்னு பொண்ணு சொல்ற வரைக்கும் அவன் நடந்து வரணும். மூக்கு முட்ட வந்து நின்னாலும் நம்ம பொண்ணுக, "தெரியலயே, இன்னும் கிட்டக்க!"ங்குங்க.