முன் பிரேக் இல்லாத சைக்கிள்

— நிறுத்தாதீங்க சார்! மிதிச்சுட்டே இருங்க!

— ஐயையோ, காலைத் தூக்கி எறியுதேம்மா!

— அதான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. இது ஃபிக்ஸட் கியர். சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். நடுவுல காலுக்கு லீவு கிடையாது. அந்தச் செவுத்தைப் பிடிச்சுட்டு இறங்குங்க. அடி பட்டுச்சா?

— முழங்கால்ல லேசா. பரவால்ல.

— சைக்கிள் ஓட்டி எத்தனை நாளாச்சு?

— ஸ்கூல்ல ஓட்டினதோட சரி.

— சுத்தம்! அப்புறம் எதுக்கு சார் இந்த வம்பு? இந்த ஃபிரேமுக்கு உங்க வயசு இருக்கும். நல்லதா, கியர் வெச்சதா ஒண்ணு வாங்கிட்டு நிம்மதியா ஓட்டுங்களேன்.

— விளம்பரத்துல போட்டோ பார்த்தேன்மா. இந்தப் பச்சை... கண்ணை விட்டுப் போகல.

— என் தம்பி அடிச்ச பெயிண்ட். கலரைப் பார்த்து சைக்கிள் வாங்க வந்த முதல் ஆள் நீங்கதான். பேரமும் பேசல. எனக்கு என்னவோ பயமா இருக்கு.

— கியரை எல்லாம் எடுத்தது யாரு?

— நான்தான். பத்து கியர் இருந்துச்சு. எல்லாத்தையும் கழட்டிட்டு பின்னால ஒரே பல்சக்கரம் போட்டேன். மேல தெரியுதே, எங்க வீட்டு பால்கனி, அங்கதான் ஒரு மாசம் வேலை. தம்பி பக்கத்துல உட்காந்துட்டு டீ மட்டும் குடிப்பான். இதுலதான் ஊரெல்லாம் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பான்.

— கைவேலை தெரிஞ்சவங்க போல.

— லிஃப்ட் மெக்கானிக் சார். சரி, ஒரு கண்டிஷன். முன் பிரேக் போட்டுத்தான் கொடுப்பேன். ஒரு வாரம் பொறுங்க. இதோ, இந்த ஓட்டை தெரியுதா? பிரேக் இருந்த இடம்.

— அதை ஏன்மா கழட்டினீங்க?

— அவன் கெஞ்சினான். பிரேக் இல்லாம இருந்தாதான் பார்க்க அழகுன்னான். பெடலை இறுக்கிப் பின் சக்கரத்தைக் காலாலேயே நிறுத்துவேன்கா, பாருன்னு தெருமுனை வரைக்கும் ஓட்டிக் காட்டினான். நானும் மயங்கிட்டேன். ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் பிரேக் சரியா இருக்கான்னு பார்த்துக் கையெழுத்து போடுறவ சார் நான். என் தம்பி வண்டியில நானே கழட்டிக் குப்பையில போட்டேன்.

— அதனாலதான்...

— ஆமா, விழுந்து ரெண்டு வருஷமாச்சு. இடுப்பு உடைஞ்சு மூணு ஆபரேஷன். இப்ப நடக்கிறான், ஆனா இதுல இனிமே ஏற முடியாது.

— உங்ககூடத்தான் இருக்காரா?

— இல்ல. பேச்சுவார்த்தையே இல்ல.

— பிரேக்கைக் கழட்டின கோவமா?

— அந்தக் கோவம் இருந்தா கால்ல விழுந்திருப்பேனே! அவன் வேற சொன்னான் சார். நின்னுட்டிருந்த காரோட கதவு படார்னு திறந்துச்சு, அதுலதான் மோதினேன்னான். நாங்க ஓடிப் போனப்போ காரும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் ரோடு. பார்த்தவங்களும் யாரும் இல்ல. போலீஸ்காரர் சிரிச்சார்.

— நீங்க?

— நான் ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் கத்தினேன். வேகமா வந்து நிறுத்த முடியாம விழுந்துட்டு, கதை கட்டாதேடான்னு. பிரேக் இல்லாததுதான் காரணம்னு எனக்கு அவ்வளவு நிச்சயம். அவன் செவுத்துப் பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டான். டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு ஃப்ரெண்டுகூடப் போனவன்தான். எனக்கு அவன்தான் சார் எல்லாம். தினமும் போன் பண்றேன், எடுக்கவே மாட்டேங்கிறான்.

— பிரேக் இருந்திருந்தாலும் நின்னிருக்காதும்மா.

— ஆறுதலுக்குச் சொல்லாதீங்க சார். பிரேக் வேலை பார்க்கிறவகிட்டயேவா?

— அஞ்சடி தூரத்துல எந்த பிரேக்கும் பிடிக்காதும்மா.

— அஞ்சடின்னு உங்களுக்கு யாரு சொன்னா? நீங்க அங்க இருந்தீங்களா?

— உங்க தம்பி கதை கட்டலம்மா. கண்ணாடியைப் பார்க்காம கதவைத் திறந்தவன் நான். அவரு விழுந்து கிடக்கிறதைப் பார்த்துட்டு, கதவை மூடிட்டு காரை எடுத்துட்டுப் போனவனும் நான்தான்.